இரண்டு தண்ணீருக்கு வழி: ராமநாதபுரத்து மானாவாரி நெல்லும் தடம் மாறிய மழையும்

கேள்வி இதுதான். முதுகுளத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசல் நிலம். கண்மாய்த் தண்ணீர் எல்லா வருடமும் கடைமடைக்கு எட்டுவதில்லை. புழுதியில் நெல், ஓரத்தில் கொஞ்சம் மிளகாய். ஒரு வருடம் கதிர் வரும் நேரத்தில் காய்கிறது, அடுத்த வருடம் ஒரே ராத்திரியில் மூழ்குகிறது. பருவநிலை மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், இவ்வளவு சின்ன நிலத்தை வைத்துக்கொண்டு அதற்கு என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். முதலில் எதற்காகச் செய்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 820 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் விழுகிறது. 2016-இல் தமிழ்நாடு முழுக்க அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அப்படி ஒரு வருடத்தில் மானாவாரி நெல்லை எந்த உத்தியும் காப்பாற்றாது. ஆனால் பல வருடங்களில் மழை வரத்தான் செய்கிறது, வருகிற விதம்தான் கெடுக்கிறது. நாலு நாள் கொட்டிவிட்டு இருபது நாள் எட்டிப் பார்க்காது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு பயிருக்கு உதவியிருக்கும்?

ஆகவே உங்கள் எதிரி இரண்டு மழைக்கு நடுவே விழும் இடைவெளி. நம் பக்கம் விளையாத வயலைப் பார்த்து “ஒரு தண்ணீர் இருந்திருந்தால் விளைஞ்சிருக்கும்” என்பார்கள். அது அனுபவக் கணக்கு. ஒரு தண்ணீர் என்றால் ஒரு தடவைப் பாய்ச்சல். அந்த ஒரு தண்ணீருக்கோ இரண்டு தண்ணீருக்கோ வழி செய்வதும், அதுவரை தாக்குப்பிடிக்கிற பயிரை நிறுத்துவதும்தான் வேலை. கீழே வருவதெல்லாம் அதற்குத்தான்.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் டப்பா ஒன்றை மரநிழல் விழாத இடத்தில் மட்டமாக வையுங்கள். காலையில் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். டப்பா எவ்வளவு அகலமாக இருந்தாலும் உள்ளே நிற்கும் உயரமே மழையின் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தாலுகா அலுவலக மழைமானியில் 40 மி.மீ. பதிவான நாளில் உங்கள் வயலில் 8 மி.மீ. விழுந்திருக்கலாம். எப்போது களைக்கொல்லி அடிப்பது, எப்போது யூரியா போடுவது, எப்போது மறுவிதைப்பு என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.

அடுத்தது ரகத்தின் வயது. அக்டோபர் 5-ஆம் தேதி மழையில் முளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் பூத்து சுமார் 30 நாளில் அறுப்பு. 105 நாள் ரகம் 75-ஆம் நாள், அதாவது டிசம்பர் 19 வாக்கில் பூக்கும். 135 நாள் ரகம் ஜனவரி 18-இல்தான் பூக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மழையை நம்ப முடியாத மாவட்டம் இது. நீண்ட வயது ரகத்தை விதைத்தால் பூக்கும் பருவத்தைத் தெரிந்தே வறட்சிக்குள் தள்ளுகிறோம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா 4 (100–105 நாள்), பின்னால் வந்த கோ 53 (115–120 நாள்) இரண்டும் இந்த மண்ணுக்கும் வறட்சிக்கும் என்றே தேர்ந்தவை. நாட்டு ரகம் வேண்டுவோருக்குச் சித்திரைக்கார், குழியடிச்சான் இருக்கின்றன. குழியடிச்சான் உவர்ப்பையும் ஓரளவு தாங்கும். சன்ன ரகத்துக்கு விலை கூடுதல் என்பது உண்மைதான். கண்மாய்த் தண்ணீர் நிச்சயம் கிடைக்கும் மடைக்கு அது சரி. கடைமடைக்காரர் அந்த விலையைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய ஆபத்து.

விதையைக் கடினப்படுத்துவது மிகக் குறைந்த செலவில் நிறைய பலன் தருகிற வேலை. இதையும் பாதிப் பேர் பாதியாகச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால் 30 லிட்டர் தண்ணீர், அதில் 300 கிராம் பொட்டாஷ் உரம். கரைத்துத் துணியில் வடிகட்டி, விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிவிட்டு 16 மணி நேரம் ஊற விடுங்கள். மாலை 4 மணிக்கு ஊற வைத்தால் மறுநாள் காலை 8 மணிக்கு எடுத்துவிட வேண்டும். பிறகு நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து, அவ்வப்போது கிளறி, பழைய காய்ச்சலுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். நொறுக்கென்று இரண்டாக உடைந்தால் சரி, மாவாக நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஊறும்போது முளைக்கருவுக்குள் முளைப்பதற்கான மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. வெளியே வேர் எட்டிப் பார்க்குமுன் காய வைத்து அந்த நிலையிலேயே நிறுத்துகிறோம். மழை விழுந்ததும் இந்த விதை முந்திக்கொண்டு முளைத்து, வேரை ஆழமாக விடும், இளம் பருவத்துக் காய்ச்சலையும் தாங்கும். ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டால் வெள்ளை முனை வந்துவிடும். அதைக் காய வைத்தால் செத்துப்போகும். வெயிலில் காய வைப்பதும் கெடுதல். விதைக்கிற அன்று கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்), பிறகு உயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் கலந்து விதையுங்கள். உயிர் உரம் கலந்த விதையை மூட்டையில் கட்டி வெயிலில் வைத்தால் அதில் உள்ள உயிர் போய்விடும்.

விதைக்கும் ஆழத்தைப் பலர் கவனிப்பதில்லை. 3 முதல் 5 செ.மீ. ஆழம் சரி. மேலாக ஒரு செ.மீ.யில் கிடக்கும் விதையைப் புரட்டாசியில் வரும் ஒரு சாரல் மழை ஏமாற்றிவிடும். முளைத்து விடும், கீழே ஈரமில்லை, பத்து நாளில் கருகும். 4 செ.மீ.யில் கிடப்பது மண் நனைந்து இறங்கும் மழைக்குத்தான் முளைக்கும். அப்போது வேருக்குக் கீழேயும் ஈரம் இருக்கும். 5 செ.மீ.க்கு மேல் போனால் முளை மேலே வரத் திணறும். இந்த ஆழத்தைக் கைவிதைப்பில் பிடிக்க முடியாது, டிராக்டர் விதைப்புக் கருவி வேண்டும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: பழைய கைவிதைப்பில் ஏக்கருக்கு 50, 60 கிலோ போட்டது அறியாமையால் அல்ல. பல ஆழத்தில் கிடந்த விதை பல மழைக்கு முளைத்தது. அதுவும் ஒரு காப்பீடுதான், ஆனால் விதைச் செலவு அதிகம், பயிர் ஒரே சீராக வராது, வரிசை இல்லாததால் களையெடுக்கக் கருவியும் ஓட்ட முடியாது.

வாடகைக்கு வரும் கருவியை அப்படியே வயலில் இறக்கிவிடாதீர்கள். 9 கொழு, இடைவெளி 20 செ.மீ. என்றால் அகலம் 1.8 மீட்டர். 10 மீட்டர் ஓடினால் 18 சதுர மீட்டர். ஏக்கருக்கு 30 கிலோ என்றால் அந்த 10 மீட்டரில் மொத்தம் சுமார் 133 கிராம் விதை விழ வேண்டும். கொழுக் குழாய்களின் அடியில் பாலித்தீன் பை கட்டி 10 மீட்டர் ஓட்டிக் கூட்டி நிறுத்துப் பாருங்கள். எந்தக் குழாயில் குறைகிறதோ அதில் அடைப்பு. இதைப் பார்க்கவில்லை என்றால் மழைக்குப் பிறகு வயலில் வரிசை வரிசையாக மொட்டை விழுந்து கிடக்கும்.

எப்போது விதைப்பது? கோடை மழையில் சரிவுக்குக் குறுக்காக உழுது வைத்திருந்தால், புரட்டாசி முதல் பாதி பொருத்தம். ஆவணியிலேயே விதைத்தால் வெப்பச்சலன மழை முளைக்க வைத்துவிட்டுப் போய்விடும். ஐப்பசிக்குத் தள்ளினால் நிலம் சேறாகி டிராக்டர் இறங்காது. நெல் நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு துண்டாக விதையுங்கள். கூடவே 10 கிலோ விதையைக் கையில் நிறுத்தி வையுங்கள். முளைத்து 15 நாளில் சதுர மீட்டருக்கு எத்தனை பயிர் நிற்கிறது என்று ஐந்தாறு இடத்தில் எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் மேல் போயிருந்தால் அந்தத் துண்டை மறுபடி கீறி விதைப்பது நல்லது. அதற்குக் குறைவு என்றால் அடர்ந்த இடத்திலிருந்து பிடுங்கி, ஈரம் இருக்கும் நாளில் வெற்றிடத்தில் நடலாம். நெல் தூர்கட்டி ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

களையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைக்க வைக்கும் மழை விழுந்து 3 முதல் 5 நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்து ஏக்கருக்கு 1.3 லிட்டர், மண் ஈரமாக இருக்கும்போது, தண்ணீர் தேங்காத வயலில். தேங்கியிருந்தால் நெல்முளையே அடிபடும். தப்பி வந்த களைக்கு 15–20 நாளில் பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதவீதம், ஏக்கருக்கு 100 மி.லி. யூரியா மொத்தத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் வேண்டாம். 15 கிலோ வீதம் மூன்று தடவையாக, ஈரம் இருக்கும் நாளில் மட்டும். காய்ந்த வயலில் யூரியா போட்டால் காற்றோடு போவது ஒரு பங்கு. அடுத்து வரும் மழையில் பயிர் ஒரேயடியாகப் பச்சை கட்டி, இலை பெருத்து, அதற்கடுத்த இடைவெளியில் அதிகத் தண்ணீர் கேட்டு வாடும்.

இனி பண்ணைக்குட்டை. இதில்தான் பணமும் போகிறது, தவறும் நடக்கிறது. மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்வாங்கும் சரிவு. இப்படி வெட்டினால் அடி 14க்கு 14 மீட்டர் வரும், கொள்ளளவு சுமார் 5.8 லட்சம் லிட்டர். நிலத்தில் பிடிக்கும் இடம் 10 சென்ட். கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று சுவரைச் செங்குத்தாக வெட்டச் சொல்பவர்கள் உண்டு. கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். செங்குத்துச் சுவர் இரண்டு மழைக்காலத்தில் சரிந்து உள்ளே விழுந்து பாதிக் குட்டையை அடைத்துவிடும்.

வெட்டுமுன் வரத்தைக் கணக்கிடுங்கள். 50 மி.மீ. மழையில் கால் பங்கு வழிந்து ஓடினால் ஏக்கருக்கு 50,000 லிட்டர் சேரும். குட்டை நிரம்ப மூன்று ஏக்கர் வரத்தும் அப்படி நாலு மழையும் வேண்டும். வரப்பு போட்ட உங்கள் நெல்வயலிலிருந்து வழிந்து வருவது மிகக் குறைவு. ஆகவே பக்கத்துத் தரிசு, வண்டிப்பாதை ஓரம், மேட்டு நிலம் ஆகியவற்றின் தண்ணீர் உங்கள் தாழ்ந்த மூலைக்கு வர வாய்க்கால் வேண்டும், பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அந்த வரத்து கிடைக்காது என்றால் 15க்கு 15 மீட்டர் போதும். அது சுமார் 2.9 லட்சம் லிட்டர் பிடிக்கும். நிரம்பாத பெரிய குட்டையைவிட நிரம்பும் சின்னக் குட்டை மேல்.

நம் மாவட்டத்தில் இன்னொரு ஆபத்து நிலத்தடி உவர்நீர். சித்திரையில் முதலில் இரண்டரை மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி வெட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஊறி வந்த தண்ணீர் கரித்தால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். மழைக்காலத்தில் அந்த ஊற்று இன்னும் மேலே வரும், குட்டையில் சேர்த்த நல்ல தண்ணீரைக் கெடுக்கும்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி. அதிலிருந்து குட்டைக்குள் இறங்கும் சரிவில் கல் பதிக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பெருமழையே கரையை அரித்து ஓடை ஆக்கிவிடும். வெளியேறும் வாய் கரைமட்டத்துக்கு 30 செ.மீ. கீழே. வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். மண்வெட்டும் இயந்திரம் வேளாண் பொறியியல் துறையில் மணி வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியில் பதியலாம். குட்டைக்கு அரசுத் திட்டம் இருக்கும் ஆண்டுகளில் ஒன்றிய அலுவலகத்திலும் கேளுங்கள்.

வெட்டிய மண் ஏறத்தாழ 580 கன மீட்டர். இதை எங்கே போடுவது என்று தவிக்க வேண்டாம். 50 சென்ட் மிளகாய்த் துண்டில் பரப்பினால் ஏறத்தாழ ஓர் அடி உயரும். மிளகாய் ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலே வாடி விழும் செடி, அந்த ஓர் அடி உயரம் புயல் மழையில் அதைக் காப்பாற்றும். ஆனால் வரிசை முக்கியம்: மிளகாய்த் துண்டின் மேல்மண்ணை அரை அடி வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணைப் பரப்பி, அதன் மேல் பழைய மேல்மண்ணைத் திரும்பப் போட வேண்டும். அடிமண் காய்ந்ததும் வெள்ளைப் படலம் பூத்தால் அது உவர். அந்த மண் கரைக்கும் பாதைக்கும்தான் ஆகும்.

சேர்த்த தண்ணீரை எப்போது விடுவது? ஆவியாவதும் கசிவதும் போக 4 லட்சம் லிட்டர் கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நெல் ஒன்றேகால் ஏக்கர் என்றால் ஒரு தடவைக்கு 4 செ.மீ. தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். ஆக இரண்டு தண்ணீர். மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் 2 அங்குல என்ஜின் பம்புக்கு ஒவ்வொன்றும் 10 மணி நேர வேலை. முளைப்புக்குப் பின் வரும் முதல் இடைவெளிக்கு இது உதவாது, அப்போது குட்டையில் தண்ணீரே இருக்காது. அதைத் தாங்கத்தான் விதையைக் கடினப்படுத்தியதும் ஆழம் பார்த்ததும். குட்டைத் தண்ணீரைப் பொதிப் பருவத்துக்கும் (கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவம்) பூக்கும் பருவத்துக்கும் வைத்திருங்கள். அந்த 25 நாளில் காய்ந்தால் கதிர் வெளியே வரும், நெல் எல்லாம் பதராக நிற்கும். தூர்கட்டும் பருவத்தில் பயிர் கொஞ்சம் சுருண்டால் பதறி இறைத்துவிடாதீர்கள். காலையில் இலை விரிந்திருந்தால் பயிருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

இதைவிட முக்கியம் வெடிப்பு. கரிசலில் விரல் நுழையும் வெடிப்பு விழுந்த பிறகு தண்ணீர் விட்டால் அது நேரே பாதாளத்துக்குப் போகும், 4 செ.மீ. கணக்கு உதவாது. மயிரிழைக் கீறல் தெரியும்போதே விட வேண்டும். வானிலைத் துறையின் செவ்வாய், வெள்ளி வேளாண் அறிக்கையில் அடுத்த ஐந்து நாளுக்கு மழை இல்லை என்று பார்த்துவிட்டு இறையுங்கள். தண்ணீர் இல்லாத இடைவெளியில் ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசல், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம், மாலையில் இலையில் தெளிக்கலாம். சில நாள் தாக்குப்பிடிக்க அது உதவும். தண்ணீருக்கு அது ஈடாகாது.

மிகுந்த தண்ணீரை வெளியே விடவும் ஏற்பாடு வேண்டும். வயலின் தாழ்ந்த வரப்பில் 6 அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் தரைமட்டத்தில் பதித்து, உள்முனையில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) மாட்டுங்கள், பசை போடாதீர்கள். எல்போவை மேல்நோக்கித் திருப்பினால் அதன் வாய் உயரம் வரை வயலில் தண்ணீர் நிற்கும். படுக்க வைத்தால் வடியும். புயல் செய்தி வந்த மாலை எல்லாக் குழாயையும் படுக்க வைத்துவிட்டு வரலாம். மண்வெட்டியால் வரப்பை வெட்டி வடித்தால் அந்த உடைப்பு அடுத்த மழைக்குள் அடைபடாது, வேண்டிய தண்ணீரும் அதன் வழியே போய்விடும். பயிர் முற்றி 10 நாளில் அறுப்பு என்னும்போது குழாய் படுத்தே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் தவறும் வருடம் உண்டு, அதற்குப் பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் மனம் நொந்துபோவது இழப்பீட்டுக் கணக்கில்தான். பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து அது வருவதில்லை. ஊரில் சில வயல்களில் அறுவடைச் சோதனை நடத்தி எடுக்கும் சராசரிதான் கணக்குக்கு முக்கிய அடிப்படை. கடந்த 7 ஆண்டு மகசூலில் நல்ல 5 ஆண்டின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை வரம்பாக வைப்பார்கள். சராசரி ஏக்கருக்கு 1,000 கிலோ, வரம்பு 80 சதவீதம் என்றால் 800 கிலோ. இந்த ஆண்டு ஊர்ச் சராசரி 600 கிலோ என்றால் 800-இல் 200 குறைவு, ஆகவே தொகையில் கால் பங்கு கிடைக்கும். ஏழில் இரண்டு கெட்ட ஆண்டைத்தான் கழிப்பார்கள். மூன்றாவது வறட்சி வந்தால் அது சராசரிக்குள் நுழைந்து வரம்பையே இறக்கிவிடும். அடிக்கடி காயும் ஊர்களுக்கு இது பெரிய அநியாயம், கிராமசபையில் எழுப்ப வேண்டிய விஷயம். உங்கள் கையில் இருப்பது பதிவைச் சரியாகச் செய்வது. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் நெல் என்று இருக்கிறதா, ரசீதில் வருவாய்க் கிராமமும் சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியா, வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கமாவது மாறியிருக்கிறதா என்று இ-சேவை மையத்தை விட்டு வருமுன்பே பாருங்கள். கூட்டுப் பட்டாவும் குத்தகையும் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க ஒரு வாரம் முன்பே போங்கள்.

இந்தப் பருவத்துக்குக் குட்டை வெட்ட நேரமோ பணமோ இல்லை என்றால் டப்பா, குறுகிய வயது ரகம், கடினப்படுத்திய விதை, இரண்டு துண்டு விதைப்பு, எல்போ குழாய் என்ற ஐந்தையும் இப்போதே செய்யலாம். குட்டைக்கு இடம் குறிக்க இந்த மழைக்காலமே சரியான நேரம். பெருமழை பெய்யும் அன்று குடையோடு போய்ப் பாருங்கள், தண்ணீர் எந்த மூலையில் சேர்கிறது, எந்த வரப்பின் மேல் வழிகிறது என்று. அங்கே ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வந்தால் சித்திரையில் இயந்திரம் வரும்போது இடம் தேட வேண்டியிருக்காது.